தாதியியல் பட்டமா, டிப்ளோமாவா? ஒட்டுசுட்டானிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் பயோ செய்து மூன்று பாடமும் சித்தி, ஆனால் மருத்துவபீடத்துக்குப் புள்ளி காணாது. தாதியியல் பட்டத்துக்குப் போடு என்கிறார் பாடசாலை ஆசிரியர். அரசாங்கப் பயிற்சிக் கல்லூரிக்கு வர்த்தமானி வரும்வரை பொறு, படிக்கும்போதே மாதாமாதம் காசு வரும் என்கிறார் அப்பா. வவுனியாவில் ஒரு தனியார் நிலையம் "இரண்டு வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம்" என்று கூப்பிடுகிறது. எதை எடுப்பது, எடுத்தால் இங்கிலிஷில் படித்து முடிக்க ஏலுமா, இரத்தம் கண்டால் தலைசுற்றுகிற ஆளுக்கு இது சரிவருமா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, நானும் வன்னிப் பிள்ளைதான். பட்டம் முடித்து இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். பட்டம் படித்தவர்களும் டிப்ளோமா முடித்தவர்களும் எங்கள் வாட்டில் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தத் தாதியர் படிப்பையும் இரண்டு கேள்வியால் எடைபோடலாம். முடித்தவருக்கு இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்கிறதா? படிக்கிற காலத்தில் நோயாளியின் கட்டிலடியில் நிற்க எவ்வளவு நேரம் தருகிறார்கள்? இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் அது பட்டமாக இருந்தாலென்ன, டிப்ளோமாவாக இருந்தாலென்ன, துணிந்து போகலாம். ஒன்றுக்காவது மழுப்பல் வந்தால் சான்றிதழில் எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

முதலில் தனியார் நிலையத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பெற்றோரின் காசு அங்கேதான் மாட்டுப்படும். இலங்கையில் தாதியாக வேலை செய்பவர்களின் பதிவு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் பேரவைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. நீங்கள் அந்த நிலையத்துக்கு அப்பாவோடு போய்க் கேட்க வேண்டியது இதுதான்: "இதே படிப்பை இங்கே முடித்த ஒருவருடைய பேரவைப் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள். வாட் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அதற்கு எழுத்தில் உடன்படிக்கை இருக்கிறதா?" அங்கே படம் போட்ட அழகான பிரசுரம் தருவார்கள். அது வேண்டாம், பதிவுச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வருடப் பட்டம் என்று விளம்பரம் செய்பவை பெரும்பாலும் 'டொப்-அப்' வகை. ஏற்கெனவே டிப்ளோமாவோடு பதிவுபெற்ற தாதி ஒருவர் மேலே ஏறிப் படிப்பதற்காக அமைந்தவை அவை. உயர்தரம் முடித்து நேரே வரும் பிள்ளையை அது தாதியாக்காது. இன்னொரு வகை, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வரும் பராமரிப்பாளர் அல்லது தாதி உதவியாளர் பயிற்சி. அது மரியாதையான தொழில்தான், முதியோரைப் பார்க்க ஆள் தேவையும் இருக்கிறது. ஆனால் அதை 'நேர்சிங்' என்று சொல்லி விற்பது சரியில்லை. தாயின் சங்கிலியை அடகுவைத்து இப்படி ஒன்றைப் படித்து முடித்தபிறகு, அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கப் போய்த்தான் அது தாதியர் தகைமையே இல்லை என்று அறிந்த பிள்ளையை எனக்குத் தெரியும். ஆகவே அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். "நாளைக்கு ஆசனம் முடிந்துவிடும்" என்று அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது அப்பா சொல்வது. அப்பா பிழையாகச் சொல்லவில்லை. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் வவுனியாவிலும் இருக்கின்றன, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கின்றன. மூன்று வருட டிப்ளோமா, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு, ஆட்களை எடுப்பது வர்த்தமானி அறிவித்தல் மூலம். முடித்தவர்கள் அரச ஆஸ்பத்திரிகளுக்குத்தான் போகிறார்கள். வாட் நேரம் என்று பார்த்தால் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. வந்த முதல் மாதத்திலேயே ஊசி போடுவதிலும் கட்டில் விரிப்பதிலும் புண் கட்டுவதிலும் அவர்களின் கை தயங்காது.

பட்டம் நான்கு வருடம், முழுக்க இங்கிலிஷ். யாழ்ப்பாணம், கிழக்கு (மட்டக்களப்பு), பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு ஆகிய அரச பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானபோது எங்கள் ஆட்கள் பலர் "இனி நேர்சிங்கும் அங்கேயே படிக்கலாம்" என்று நினைத்தார்கள். அங்கே இருப்பவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள்தான். ஆகவே கிட்ட என்று பார்த்தால் உங்களுக்கு யாழ்ப்பாணம்.

பட்டத்தில் கூடுதலாக என்ன கிடைக்கும்? முதல் நாள் வாட்டுக்குள் நுழையும்போது பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். இரண்டு வழியால் வந்தவர்களும் தாதிய உத்தியோகத்தராகவே தொடங்குகிறோம், ஒரே டியூட்டிப் பட்டியல், ஒரே இரவு வேலை. வித்தியாசம் பிறகு தெரியும். முதுமாணி படிக்க, விரிவுரையாளராகப் போக, ஆராய்ச்சி செய்ய, வெளிநாட்டில் பதிவெடுக்கப் பட்டம் கதவைத் திறந்து வைக்கும். அதைவிட நான் பெரிதாக மதிப்பது, 'இப்படிச் செய்' என்பதற்குப் பின்னால் இருக்கிற 'ஏன்' என்பதை நான்கு வருடமும் ஆறுதலாகப் படிக்கிற வாய்ப்பை.

அதனால் என் ஆலோசனை: புள்ளி இடங்கொடுத்தால் பட்டத்தை எடுங்கள். அதேநேரம் டிப்ளோமா வர்த்தமானி வந்தால் அதற்கும் விண்ணப்பியுங்கள், ஒன்றைக் காத்து மற்றதை விடாதீர்கள். வீட்டில் அடுத்த வருடமே ஓர் உழைப்பு வேண்டும், தம்பி தங்கச்சி படிக்கிறார்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்ற நிலை என்றால் டிப்ளோமாவுக்குத் தயங்காமல் போங்கள். பதிவுபெற்ற தாதியருக்கென்றே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தாதியியல் பட்டப்படிப்பை நீண்டகாலமாக நடத்துகிறது. வேலை செய்துகொண்டே அதை முடித்தவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள். சுற்றுவழி என்று யாரும் உங்களைக் குறைத்துக் கதைத்தால் காதில் போட வேண்டாம்.

விண்ணப்பம் நிரப்புவதில் எங்கள் பிள்ளைகள் விடுகிற ஒரு பெரிய பிழை இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் போட வேண்டும். "நேர்சிங்கை மேலே போடாவிட்டால் கிடைக்காது, மருத்துவபீடத்தை மேலே போட்டால் மற்றதெல்லாம் போய்விடும்" என்று ரியூசன் வாசலில் ஒரு கதை ஓடும். அது அப்படி வேலை செய்வதில்லை. உங்கள் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்தி வரும் புள்ளி) எந்தெந்தக் கற்கைநெறிக்குக் காணுமோ, அவற்றுள் உங்கள் பட்டியலில் மேலே இருப்பது உங்களுக்கு வரும். ஆகவே மனதில் உள்ள உண்மையான ஒழுங்கை அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தாதியியலுக்கும் தனி இலக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தை மட்டும் போட்டுவிட்டு மட்டக்களப்பை மறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இசட் புள்ளி எடுக்கும்போது மாவட்டமும் பார்க்கப்படும். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். எங்கள் மாவட்டத்தின் கடந்த சில வருட வெட்டுப்புள்ளிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், அவை வருடத்துக்கு வருடம் ஏறும் இறங்கும். இன்னொன்று, ஒரு கற்கைநெறிக்குப் பதிந்துவிட்டு அடுத்த வருடம் மீண்டும் வேறொன்றுக்கு வரலாம் என்று நினைக்காதீர்கள். பதிந்தவருக்கு அந்த வழி அடைபடும். மருத்துவபீடத்துக்கு மூன்றாந் தரம் எழுதப் போகிறீர்களா என்பதைப் பதிவதற்கு முதலே வீட்டில் கதைத்து முடிவெடுங்கள். அரை மனதோடு வந்து, முதல் வருடம் முழுக்கப் பழைய பயோ புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் இரண்டும் கெடும்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் நான் பார்க்கச் சொல்வது வாட்டில் கேட்கும் பாசை. விரிவுரை எங்கேயும் இங்கிலிஷ்தான். நோயாளி கதைப்பது வேறு. யாழ்ப்பாணத்தில் படித்தால் பெரியாஸ்பத்திரியில் ஒரு அம்மா "மிஸி, நெஞ்சுக்குள்ள அடைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சொல்வதை நேராகக் காதில் வாங்குவீர்கள். மட்டக்களப்பிலும் அப்படித்தான். பேராதனையோ ருகுணுவோ என்றால் முதல் வருடமே சிங்களம் பழக வேண்டும். அது கஷ்டம், ஆனால் வீண்போகாது. அரச சேவைக்கு வந்தபிறகு இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் கேட்பார்கள். வவுனியா, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிகளுக்கே சிங்களம் மட்டும் தெரிந்த நோயாளிகள் வருகிறார்கள். இரண்டும் கிடைக்கும் நிலை என்றால் யாழ்ப்பாணத்தை மேலே போடுங்கள். தெற்குதான் கிடைத்தால் அதற்காக அழ வேண்டாம்.

சரி, இந்த வேலை உண்மையில் என்ன என்று தெரியாமல் தெரிவு செய்யக் கூடாது. வன்னி வாட் ஒன்றில் நடப்பதைச் சொல்கிறேன். அரிவி வெட்டுக் காலம். வயலுக்குள் புடையன் பாம்பு கடித்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். வைத்தியர் பார்க்கிறார், கட்டளை எழுதுகிறார். அதற்குப் பிறகு அந்த மனிதரோடு இருப்பது நாங்கள். சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். நேரம் முடிய ஒரே ஒரு தரம் சரித்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தைப் பிடித்துவிட்டது. பிளாஸ்ரிக் குழாய் என்றாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் என்றாலோ நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றும். கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதலைத் தொடக்கிவைக்கிறது. முதல் வருடத்தில் "இரத்தம் உறையும் படிமுறை" என்று மனப்பாடம் செய்து சலித்த அதே பாடந்தான் இது.

விசமுறி மருந்து ஏறத் தொடங்கினால் கண்ணை எடுக்க முடியாது. எங்கள் நாட்டில் அந்த மருந்துக்கு ஒவ்வாமை வருவது அடிக்கடி நடக்கிறது. முதலில் ஆள் காதடியைச் சொறிவார். பிறகு தோலில் தடிப்பு, சத்தி, இழுப்பு, பிரசர் இறக்கம். அட்றினலின் ஊசியில் எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்தச் சொறிதலைக் கண்ட தாதி மருந்தை நிறுத்தி வைத்தியரைக் கூப்பிடுகிற அந்தச் சில நிமிடத்தில் உயிர் தங்குகிறது. நிலத்தில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தால் வேறு கவனிப்பு: கடித்த இடத்தில் நோவே பெரிதாக இராது, விடியப்புறம் கண் இமை கீழே விழும். "ஐயா, மூச்சு விடாமல் ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுங்கோ" என்று சொல்லி, ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார் என்று திரும்பத் திரும்பப் பார்ப்போம். எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தால் மூச்சுத் தசை களைக்கிறது என்று அர்த்தம், செயற்கைச் சுவாசத்துக்கு ஆயத்தமாக வேண்டும். பக்கத்தில் நின்று, கண்டு, எழுதி, நேரத்துக்குச் சொல்வது, அதுதான் தாதியம். இதை வாசிக்கும்போது உங்களுக்குப் பயத்தோடு ஒரு ஆர்வமும் வந்தால் நீங்கள் வரவேண்டிய ஆள். "வைத்தியர் சொல்வதைச் செய்கிற வேலை" என்று நினைத்து வருபவர்களுக்கு இந்தப் பொறுப்பு பாரமாகிவிடும்.

இனி படித்து முடிப்பது. இங்கிலிஷ் பயம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் இங்கிலிஷ் ஆசிரியர் இல்லாமல் வருடக்கணக்கில் போன வகுப்புகள் உண்டு, அது உங்கள் குற்றமில்லை. நல்ல செய்தி, தாதியியலுக்கு வேண்டிய இங்கிலிஷ் எல்லை உள்ளது. வைத்தியச் சொற்கள் துண்டு துண்டாகச் சேர்ந்து வருபவை. 'ஹைப்போ' என்றால் குறைவு, 'ஹைப்பர்' என்றால் கூடுதல், 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி அகற்றல். இப்படி நூறு துண்டு பிடிபட்டால் பாடப்புத்தகம் திறக்கும். பரீட்சை முடிந்து கம்பஸ் தொடங்கும்வரை நீண்ட இடைவெளி இருக்கிறது. அதைச் சும்மா விடாதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் இங்கிலிஷில் சத்தமாக வாசியுங்கள், ஐந்து வசனம் எழுதுங்கள். உயர்தரப் பயோவில் நீங்கள் தமிழில் படித்த மனித உடற்றொழிலியல் பகுதியை இங்கிலிஷ் மூலப் புத்தகத்தில் திரும்ப வாசிப்பது எல்லாவற்றிலும் நல்ல பயிற்சி. விசயம் ஏற்கெனவே தெரிந்ததால் பாசை மட்டும் புதிதாக இருக்கும்.

கம்பஸில் முதல் அரையாண்டு கடுமை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனம், நுண்ணுயிரியல், தாதியத்தின் அடிப்படைகள் என்று ஒன்றாக வந்து இறங்கும். விரிவுரையில் பாதி விளங்காது. அப்போது செய்ய வேண்டியது ஒன்று: அன்றைய பாடத்தை அன்று இரவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து தமிழில் கதைத்து விளங்கிக்கொண்டு, பிறகு ஆளாள் தனியாக இங்கிலிஷில் எழுதிப் பார்ப்பது. தமிழில் விளங்காமல் இங்கிலிஷ் நோட்சைப் பாடமாக்குபவர்கள் முதல் பரீட்சையைத் தாண்டுவார்கள், மருந்தியல் வந்தவுடன் விழுவார்கள். தமிழில் விளங்கிக்கொண்டதோடு நிற்பவர்களுக்கு எழுத்துப் பரீட்சையில் கை ஓடாது. விழுந்த பாடத்தைத் திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வழமையாக 'சி'க்கு மேல் தரமாட்டார்கள், வகுப்புச் சித்தியும் போய்விடும். அதனால் முதல் தரமே முழுமுயற்சி போடுங்கள். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுதவே விடாத பீடங்கள்தான் அநேகம். பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் ஊருக்கு வந்து இரண்டு நாள் பிந்திப் போகிற பழக்கம் இதில் உதவாது.

கணக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயோ பிள்ளைகள் கணிதத்தை விட்டுக் கனகாலம், ஆனால் மருந்துக் கணக்குப் பிழைத்தால் ஆள் போய்விடும். ஆயிரம் மில்லிலீற்றர் சேலைன் எட்டு மணித்தியாலத்தில் போக வேண்டும், உங்கள் செற் (சேலைன் ஏற்றும் குழாய்) ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடும் என்றால்: 20,000 துளியை 480 நிமிடத்தால் பிரிக்க, நிமிடத்துக்கு 42 துளி. பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம்படி பரசிற்றமோல் என்றால் 180 மில்லிகிராம். பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருந்தால் கொடுக்க வேண்டியது ஏழரை மில்லிலீற்றர். இதைக் கல்குலேற்றர் இல்லாமல், பின்னால் ஒரு தாய் அழ, முன்னால் போன் அடிக்கச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். விடை வந்தபிறகு "இது நியாயமான அளவா?" என்று ஒரு தரம் யோசியுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரே வேளையில் பத்து அம்பியூல் உடைக்கச் சொல்லிக் கணக்கு வந்தால், கணக்குத்தான் பிழை.

வாட் பயிற்சிக்குப் போகும்போது சுவரோடு ஒட்டி நிற்காதீர்கள். முதல் கிழமை வாட் சிஸ்டர் உங்களைக் கவனிக்கக்கூட மாட்டார், அவருக்கு நாற்பது நோயாளி. நீங்களே போய் "சிஸ்டர், நான் இன்றைக்கு எந்தக் கட்டிலைப் பார்க்கட்டும்?" என்று கேளுங்கள். ஒரு நோயாளியைப் பொறுப்பெடுத்து, அவருடைய கட்டில் ரிக்கற்றை, அதாவது வைத்தியக் குறிப்பேட்டை, முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். என்ன வருத்தம், ஏன் இந்த மருந்து, நேற்றைய இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்று மூன்றையும் தொடுத்துப் பாருங்கள். பிறகு போய் அவரோடு கதையுங்கள். ரிக்கற்றில் இல்லாத விசயம் அங்கேதான் வரும்: இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது, நாட்டுமருந்து குடித்தது, மகன் போன் எடுக்காதது. செய்முறைப் பதிவேட்டில் கையொப்பத்தை அன்றன்றே வாங்குங்கள். கடைசிக் கிழமையில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சிஸ்டர்மார் பின்னால் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பாவித்த ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள், நேரே பெட்டிக்குள் போடுங்கள். வாங்குவதென்றால் செக்கன் முள் உள்ள மணிக்கூடு ஒன்றை முதலில் வாங்குங்கள். விலைகூடிய ஸ்டெதஸ்கோப்பை வெளிநாட்டு மாமா அனுப்புவார் என்றால் அனுப்பட்டும், அதற்கு அவசரம் இல்லை.

கடைசி வருட ஆய்வு பலரை வதைக்கும். காரணம், பெரிய தலைப்பு எடுப்பது, பிந்தித் தொடங்குவது. ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வர மாதக்கணக்காகும். வினாக்கொத்தைத் தமிழுக்கு மாற்றி, இன்னொருவரைக் கொண்டு மீண்டும் இங்கிலிஷுக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டும். சின்னக் கேள்வியாக எடுங்கள், முடிந்தால் எங்கள் மண்ணின் கேள்வியாக எடுங்கள். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருபவர்கள் பாதத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? முள்ளந்தண்டு பாதித்து வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் மனைவிக்கு என்ன உதவி கிடைக்கிறது? வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு இருப்பவர்கள் கிளினிக்குக்கு வருவதை ஏன் நிறுத்துகிறார்கள்? இதையெல்லாம் எங்கள் பிள்ளைகள் கேட்காவிட்டால் வேறு யார் வந்து கேட்பார்கள்?

காசு விசயம்: மகாபொல அல்லது பர்சரி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைத் திகதி தவறாமல் போடுங்கள். கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். முதல் கொடுப்பனவு கைக்கு வரப் பிந்தும், அதுவரைக்கு வீட்டில் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். ஹொஸ்டல் கிடைத்தால் விடாதீர்கள். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். "எல்லோருக்கும் நடக்கிறதுதானே" என்று பொறுக்க வேண்டியதில்லை, பீடத்தின் மாணவ ஆலோசகரிடம் சொல்லுங்கள், வீட்டிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீடுகளில் 2009 முடியவில்லை. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அது நேரடி நினைவாக இல்லாவிட்டாலும் தாய் தகப்பனின் முகத்தில் பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள். சத்திரசிகிச்சை வாட்டில் கால் அகற்றிய ஒருவருக்குப் புண் கட்டும்போது, அல்லது முதல் மரணத்தைப் பார்க்கும்போது, எதிர்பாராமல் ஒன்று உள்ளே உடையலாம். அது பலவீனம் இல்லை. கூட நிற்கும் சிஸ்டரிடம் சொல்லி வெளியே போய் நின்று அழுதுவிட்டு வாருங்கள். நித்திரை இல்லாமல், சாப்பிட மனமில்லாமல் நாட்கள் போனால் மாணவ ஆலோசகரிடம் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்குத் தமிழிலும் கதைக்கலாம்.

பட்டம் முடிந்த அடுத்த நாள் நியமனக் கடிதம் வராது, காத்திருப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் பேரவைப் பதிவை முடியுங்கள், கை மறக்காமல் எங்கேயாவது வேலை செய்யுங்கள். வெளிநாடு போக விரும்பினால் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் ஐ.ஈ.எல்.ரி.எஸ் அல்லது ஓ.ஈ.ரி மொழிப் பரீட்சை, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற தாதியர் உரிமப் பரீட்சை. போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், குடும்பம் நிமிர வேண்டும். ஆனால் எனக்கு ஓர் ஆசை உண்டு. வன்னி ஆஸ்பத்திரிகளுக்கு வெளியிலிருந்து நியமனமாகி வருபவர்கள் காலம் முடிய இடமாற்றம் எடுத்துப் போய்விடுகிறார்கள். மாஞ்சோலையிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் நிலைத்து நிற்கப் போவது இந்த ஊர்ப் பிள்ளைதான். கொஞ்ச வருடமாவது இங்கே வேலை செய்துவிட்டுப் போங்கள் என்று கேட்பேன்.

கடைசிக் கேள்வி, இரத்தம் கண்டால் தலைசுற்றுவது. இது கனபேருக்கு இருக்கிறது, அதற்காகத் தாதியியலை விட வேண்டியதில்லை. இரத்தத்தைக் கண்டவுடன் சிலருக்கு இதயத்துடிப்பும் பிரசரும் சடாரென்று இறங்கும், மூளைக்கு இரத்தம் குறைந்து தலை சுற்றும். அதற்குப் பயிற்சி இருக்கிறது. கை, கால், வயிற்றுத் தசைகளை ஒன்றாக இறுக்கி, முகம் சூடாகும்வரை பத்துப் பதினைந்து செக்கன் பிடியுங்கள். விட்டு, அரை நிமிடம் சாதாரணமாக இருந்து, மீண்டும் இறுக்குங்கள். ஒரு தரத்துக்கு ஐந்து சுற்று. அப்போது பிரசர் ஏறி நிற்கும். இப்போதே வீட்டில் தினமும் பழகுங்கள். பழகியபிறகு ஒரு சத்திரசிகிச்சை வீடியோவைச் சின்னத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், கிழமைக்குக் கிழமை நேரத்தைக் கூட்டுங்கள். வாட்டுக்குப் போகும் நாளில் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள், முழங்காலை விறைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்காதீர்கள். சுற்றத் தொடங்கினால் வெட்கப்படாமல் உடனே நிலத்தில் குந்துங்கள், பக்கத்தில் நிற்பவர் புரிந்துகொள்வார். எங்கள் வாட்டில் இப்போது எல்லோரையும்விடத் துணிவாகப் புண் கட்டும் பிள்ளை ஒருத்தி முதல் நாள் இரத்தம் எடுப்பதைப் பார்த்து என் தோளில் சாய்ந்தவள்தான். மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த ஆண்டு அனுமதிக் கையேடு வெளிவந்ததும் உங்கள் இசட் புள்ளியையும் நீங்கள் போட நினைக்கும் விருப்ப ஒழுங்கையும் எழுதுங்கள், அனுப்புவதற்கு முதல் ஒருக்கா சேர்ந்து பார்ப்போம்.